மேல்நிலை வரலாற்று வகுப்பின் செய்தியை வீடு வரை கொண்டுசேர்த்தல்: புதிய ஆசிரியர்களுக்கான செய்முறை

பன்னிரண்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், ஜூன் மாதத்திலேயே பாடத்திட்டம் முழுவதையும் இரண்டு பக்கங்களில் தட்டச்சு செய்து, மாணவர்கள் வழியாக வீடுகளுக்கு அனுப்பிவைத்தேன். காலாண்டுத் தேர்வு முடிந்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயார் தம் பணப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். நான்காக மடித்திருந்த மடிப்புகூடக் கலையவில்லை. "பத்திரமா வச்சிருக்கேன் சார். இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிச்சுச் சொல்லத்தான் ஆளில்லை" என்றார். தகவலைக் கொடுத்துவிட்டேன் என்ற என் நிறைவு அன்றோடு போயிற்று. பின்வரும் முறை அதற்குப் பிறகு ஆண்டுதோறும் திருத்தித் திருத்தி அமைத்துக்கொண்டது. அரசு மேல்நிலைப் பள்ளியில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

படி 1: செய்தியைப் பெறுபவர் யார் என்று அறிந்துகொள்ளுங்கள்

முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒரு குறிப்பேடு போடுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் வீட்டில் படிப்பைக் கவனிப்பவர் தாயா, தந்தையா, பாட்டியா, விடுதிக் காப்பாளரா என்பதையும், அவர் கையில் இருப்பது வாட்ஸ்அப் வசதியுள்ள கைபேசியா, பட்டன் போனா என்பதையும், எத்தனை மணிக்கு வேலையிலிருந்து திரும்புவார் என்பதையும் எழுதுங்கள். எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவில் உள்ள எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். திருப்பூரில் வேலை செய்யும் தந்தையின் எண் அங்கே இருக்கும், வீட்டில் இருக்கும் தாய்க்கோ செய்தி எட்டாது. எழுதப் படிக்கத் தெரியுமா என்பதையும் அறிந்தாக வேண்டும். ஆனால் அதை வகுப்பில் கையுயர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள். "வீட்டுக்கு எழுதி அனுப்பட்டுமா, பேசி அனுப்பட்டுமா?" என்று தனியே கேட்டால் பிள்ளைக்குக் கூச்சமின்றி விடை வந்துவிடும்.

படி 2: ஆண்டின் வரைபடத்தை ஒரே பக்கத்தில் தாருங்கள்

பாடநூலில் 15 பாடங்கள் உள்ளன. முதல் 9 பாடங்கள் இந்திய தேசியத்தின் எழுச்சியில் தொடங்கி விடுதலைக்குப் பிந்தைய இந்தியா வரை செல்கின்றன. எஞ்சிய 6 பாடங்கள் உலக வரலாறு. பாடத்தலைப்புகளை வரிசையாக அடுக்குவதால் பெற்றோருக்குப் பயனில்லை. காலாண்டுக்கு எதுவரை, அரையாண்டுக்கு எதுவரை, திருப்புதல் தேர்வுகள் எப்போது என்பவை போதும்.

இதே பக்கத்தில் மதிப்பெண் முறையையும் விளக்குங்கள். இதில் சற்று நேரம் செலவிடுவது தகும். எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 90-இல் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு ஒவ்வொன்றிலும் 7 விடைகள் எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் வினாக்கள் மட்டுமே 35 மதிப்பெண்ணைச் சுமக்கின்றன. "வரலாறுதானே, கடைசி மாதத்தில் மனப்பாடம் செய்துகொள்ளலாம்" என்று எண்ணும் வீடுகளுக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டினாலே, காரணங்களையும் விளைவுகளையும் கோவையாக எழுதிப் பழகுவதற்கு ஆண்டு முழுவதும் தேவை என்பது புரிந்துவிடுகிறது. அகமதிப்பீட்டில் வருகைப்பதிவுக்கும் மதிப்பெண் உண்டு என்பதை ஜூன் மாதமே சொல்லிவிடுங்கள். பிப்ரவரியில் சொன்னால் எவராலும் அதைச் சரிசெய்ய இயலாது.

படி 3: வாரம் ஒரு குரல்பதிவு

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு மேல், ஒரு நிமிடத்துக்கு மிகாமல் பேசி அனுப்புங்கள். முடிந்த பாடம், வரும் வாரத்துப் பாடம், தேர்வு இருந்தால் அதன் நாள், வீட்டில் கேட்க ஒரு கேள்வி ஆகியவை இருந்தால் போதும். நான் அனுப்பியவற்றில் ஒன்று இது:

"வணக்கம். வரலாற்று ஆசிரியர் பேசுகிறேன். இந்த வாரம் உப்புச் சத்தியாகிரகம் பார்த்தோம். 1930-இல் காந்தியடிகள் தண்டிக்கு நடந்ததைப் போல, ராஜாஜி திருச்சியிலிருந்து நம் வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு நடந்து வந்தார். ஏப்ரல் 13-இல் புறப்பட்டு 28-இல் வந்து சேர்ந்தார்கள். உப்பை அள்ளியதற்கு எதற்காகச் சிறை என்று பிள்ளையிடம் கேளுங்கள். புதன்கிழமை இந்தப் பாடத்தில் சிறுதேர்வு இருக்கிறது. நன்றி."

அந்தக் கேள்விதான் இதன் உயிர். "படிச்சியா?" என்று கேட்டால் "படிச்சேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எதற்காகச் சிறை என்று கேட்டால், உப்பு வரியையும் உப்பின்மீது அரசு வைத்திருந்த ஏகபோகத்தையும் பிள்ளை விளக்கியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அந்த விளக்கம் தெளிவாக இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்டுகொள்வார்.

வாட்ஸ்அப் குழுவைவிட, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் நல்லது என்பது என் கருத்து. குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். மாணவியரின் வீட்டு எண்கள் அப்படிப் பரவுவது முறையன்று. ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி போய்ச்சேரும் என்பதால், முதல் கூட்டத்திலேயே எண்ணைச் சேமிக்கச் செய்யுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி அல்லது மாதம் ஒரு அழைப்பு.

படி 4: மாணவருக்கே முதலில்

வீட்டுக்குச் செல்லும் எந்தச் செய்தியும் வெள்ளிக்கிழமை வகுப்பில் முதலில் சொல்லப்பட வேண்டும். தமக்குத் தெரியாமல் ஆசிரியர் வீட்டில் பேசுகிறார் என்ற எண்ணம் பதினேழு வயதுப் பிள்ளைக்கு வந்துவிட்டால், அதன்பின் எந்தச் செய்தியும் ஒழுங்காகப் போய்ச்சேராது. இத்துடன், கரும்பலகைக்குப் பக்கத்து ஆணியில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். வாரம் ஒரு மாணவர் தேதி, பாடம், பக்க எண், வீட்டுப்பாடம் ஆகியவற்றை அதில் எழுதட்டும். அறுவடைக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ விடுப்பு எடுத்தவர் யாரையும் கேட்காமல் விடுபட்டதை அறிந்துகொள்வார்.

படி 5: மதிப்பெண் குறைந்தால்

எவருடைய மதிப்பெண்ணையும் பொதுவில் அனுப்பாதீர்கள். தனியே அழைத்து, பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றையும் அடுத்துச் செய்ய வேண்டிய ஒன்றையும் சொல்லுங்கள். தேர்வுக்குப் பின் பேசுவதைவிட முன்பே பேசுவது மேல்.

படி 6: வீட்டிலிருந்தும் செய்தி வரட்டும்

ஒப்படைவாக, வீட்டு முதியவரிடம் ஒரு நிகழ்வைக் கேட்டு எழுதி வரச் செய்யுங்கள். நாகப்பட்டினம் கரையோரத்தில் 1977 நவம்பர் புயலைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வினாக்களை வகுப்பிலேயே தயாரியுங்கள்: அன்று எங்கே இருந்தீர்கள், தண்ணீர் எதுவரை வந்தது, முதலில் உதவிக்கு வந்தவர் யார்? பேரப்பிள்ளை எழுதிக்கொண்டு வரும் விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும்போது, சான்றுகள் ஏன் மாறுபடுகின்றன என்ற பாடத்தையும் அதிலேயே நடத்திவிடலாம். சொன்னவரின் ஒப்புதலைப் பெற்ற பிறகே வகுப்பில் வாசிக்க வேண்டும். வாசித்த அன்று மாலையே, வகுப்பில் எந்தப் பகுதி எல்லாரையும் கவர்ந்தது என்பதை அவருக்கு ஒரு குரல்பதிவில் சொல்லி அனுப்புங்கள்.