எட்டு வயது வரை காத்திருக்காதீர்கள்: வாசிப்புச் சிக்கலை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி

டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் சிக்கல், என்றதும் பலரும் முதலில் பார்ப்பது, பிள்ளை எழுத்தைத் திருப்பிப் போடுகிறதா என்றுதான். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், ஆறேழு வயது வரை நிறையப் பிள்ளைகள் அப்படி எழுதுவதுண்டு. ல, ள, ழ குழப்பமும் அப்படித்தான், பெரியவர்கள் நமக்கே அது இன்னும் தீரவில்லை. கவனிக்க வேண்டியது காதில் விழும் சத்தத்தைப் பிள்ளை எப்படிப் பிரித்துச் சேர்க்கிறது என்பதை.

இதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை, எல்கேஜி, யுகேஜி வயதிலேயே விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். 'தக்காளி' என்று சொல்லி ஒவ்வொரு துண்டுக்கும் கை தட்டச் சொல்லுங்கள். 'வாழைப்பழம்' என்பதில் 'வாழை'யை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? கல், பல், நாய், இதில் எது சேராதது? அப்புறம் ஒரு தாளில் பந்து, பூனை, குடை என்று தெரிந்த படங்களையே மாற்றி மாற்றி வரைந்து வரிசையாகப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். பழகின பொருளுக்கே பெயர் வாயில் வராமல் "அது... அது..." என்று அடிக்கடி நின்றால் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு தாமதமாக வந்ததா என்பதையும், குடும்பத்தில் யாராவது வாசிக்கத் திணறினார்களா என்பதையும் சேர்த்து யோசியுங்கள், ஏனென்றால் இது வம்சவழியாக வரக்கூடியது. "படிப்பு ஏறல" என்று கடையில் வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு மாமாவோ சித்தப்பாவோ பல வீடுகளில் உண்டு.

ஒன்றாம் வகுப்பு வந்த பிறகு பாடப்புத்தகத்தை வைத்துச் சோதிக்கவே சோதிக்காதீர்கள். ஞாபகசக்தி உள்ள பிள்ளை படத்தைப் பார்த்தே பக்கம் முழுக்க ஒப்பித்துவிடும், விரல் ஒரு சொல்லில் இருக்கும், வாய் வேறு சொல்லில் இருக்கும். அதனால் 'மிடகு', 'கொரேசு', 'தோபிலெ' என்று அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிக் கொடுங்கள், மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. கெ, கொ, கோ மாதிரி எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்கும், அதன் சத்தமோ பின்னால் வரும், எல்லாப் பிள்ளைகளும் கொஞ்ச நாள் அங்கே இடறும். ஆனால் மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தும் நேற்று வாசித்த எழுத்தை இன்று புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தால் விடாதீர்கள். இன்னொன்று, தமிழில் தப்பு குறைவாகவும் வேகம் ரொம்பக் குறைவாகவும் இருக்கலாம், 'சரியாத்தான் வாசிக்கிறான், மெதுவா வாசிக்கிறான்' என்று பள்ளியில் விட்டுவிடுவது இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான். ஆங்கில வழிப் பிள்ளையை இரண்டு மொழியிலும் பாருங்கள். வீட்டில் ஆங்கிலமே காதில் விழாதபோது அதில் மட்டும் திணறுவது பழக்கமின்மையாகவும் இருக்கலாம்.

கண், காது பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள்.

சரி, எங்கே போவது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற பெயரின் கீழ் டிஸ்லெக்சியாவும் இருக்கிறது. அதையொட்டி 2018-ல் வந்த அரசு வழிகாட்டுதல், பள்ளிகள் மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது, எது முன்னால் வருகிறதோ அப்போது பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றது, மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் எட்டு வயதிலிருந்துதான் என்றது. இதைக் கேட்டுவிட்டுப் பலர் அதுவரை சும்மா இருந்துவிடுகிறார்கள். வயது வரம்பு சான்றிதழுக்கு மட்டும்தான், பயிற்சியை ஐந்து வயதிலேயே ஆரம்பிக்கலாம். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை வரச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைச் சின்ன வயதிலேயே கவனிக்க அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து நடக்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கும் போகலாம், சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது.

போகும்போது பிள்ளையின் பழைய நோட்டுகளையும், எந்தச் சொல்லில் எப்படித் திணறியது என்று தேதி போட்டு நீங்கள் எழுதி வைத்ததையும் எடுத்துப் போங்கள். "சரியா படிக்க மாட்டேங்கிறான்" என்று மட்டும் சொன்னால், "போகப் போகச் சரியாகிடும்" என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு.