ஹைபிரிட் கார் மைலேஜை நீங்களே அளந்து பாருங்கள்
பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்தான் ஹைபிரிட். மாருதி சுசுகியின் கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் காருக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லப்படும் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். இதை நம்பி மாதச் செலவைக் கணக்குப் போடாதீர்கள். இந்த எண் சாலையில் ஓட்டி எடுத்ததல்ல. ஆய்வுக்கூடத்தில் வண்டியை உருளை மேல் நிறுத்தி, ஏசி இல்லாமல், சுமார் 20 நிமிடம் ஓட்டுவார்கள். வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது. நம் சித்திரை வெயிலில் யார் ஏசி போடாமல் ஓட்டுகிறார்கள்?

ஹைபிரிட்டின் பலமே நின்று நின்று போகும் நகர நெரிசல்தான். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரிக்கு மின்சாரம் திரும்புகிறது. நான்குவழிச் சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் அந்த லாபம் கிடைக்காது, இன்ஜின்தான் இழுக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் கடைக்குப் போய்வந்தாலும் மைலேஜ் குறையும். இன்ஜின் சூடாவதற்கே பெட்ரோல் செலவாகிவிடும்.

சரியான அளவு தெரிய ஒரே பங்க்கில், பெட்ரோல் குழாய் முனை தானாக நிற்கும்வரை போட்டு, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். அடுத்த முறையும் அப்படியே நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். 620 கிலோமீட்டருக்கு 31 லிட்டர் என்றால் 20. டாஷ்போர்டு காட்டுவது பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஒருமுறை பார்த்து முடிவுகட்ட வேண்டாம், மூன்று டேங்க் சராசரி எடுங்கள். அதற்கு முன் டயர் காற்றைச் சரிபார்த்துவிடுங்கள்.