19-6ஆ, 13-10ஆ? நோட்டர் டேம் பயிற்சியாளர்களை ஒப்பிடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நோட்டர் டேம் என்ற ஒரே அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிக்கு வெவ்வேறு காலத்தில் வந்த இரண்டு தலைமைப் பயிற்சியாளர்கள். முதல் இரண்டு சீசன் முடிந்தபோது ஒருவர் கணக்கில் 19 வெற்றி, 6 தோல்வி. இன்னொருவர் கணக்கில் 13 வெற்றி, 10 தோல்வி. இவர்களில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் யாரை வைத்துக்கொள்வீர்கள்?

19-6 என்றால் நீங்கள் சார்லி வைஸைப் பிடித்துவிட்டீர்கள். அவருடைய மூன்றாவது சீசன் 2007. அந்த வருஷம் அணி 3-9. நீங்கள் வேண்டாம் என்ற 13-10காரர் லூ ஹோல்ட்ஸ். அவருடைய மூன்றாவது சீசன் 1988. பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டு வெற்றி, தேசியச் சாம்பியன். அதற்குப் பிறகு நோட்டர் டேம் இன்றுவரை பட்டம் வாங்கவில்லை.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைத் தொடர்பவர்களுக்கு இந்த ஒப்பீடு ஒரு போதை. புதுப் பயிற்சியாளர் வந்து நாலு சனிக்கிழமை போவதற்குள், முன்னவர் இதே கட்டத்தில் எத்தனை ஜெயித்திருந்தார் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். 2005இல், அடுத்த ஹோல்ட்ஸ் வந்தாச்சு என்று ஒரு நண்பனிடம் பந்தயம் கட்டி, இரண்டு வருஷம் கழித்துப் பிரியாணி வாங்கிக் கொடுத்தவன் நான். இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் பக்கத்தில் இருக்கும் இந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை வைத்தே, எங்கெல்லாம் சறுக்குகிறோம் என்று பார்க்கலாம். ஒப்பிட இவ்வளவு பேர் வேறு எங்கும் எளிதில் கிடைக்க மாட்டார்கள்.

யார் சேர்த்த ஆட்கள்?

கல்லூரி அணியில் ஒரு ஆட்டக்காரர் பொதுவாக நான்கு வருஷம் இருப்பார். புதுப் பயிற்சியாளர் வந்த அன்று களத்தில் நிற்பவர்கள் எல்லாரும் முன்னவர் வீடு வீடாகப் போய்ப் பேசிக் கூட்டிவந்த பிள்ளைகள். முதல் சீசனில் மட்டும் இல்லை, இரண்டாவது சீசனிலும் முக்கியமான இடங்களில் அவர்கள்தான் ஆடுவார்கள். இதை மறப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

வைஸின் 2005, 2006 அணியை எடுத்துக்கொள்ளுங்கள். குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்) பிரேடி குவின், பந்தைப் பிடித்த ஜெஃப் சமார்ஜா, ஓடிய டேரியஸ் வாக்கர் எல்லாரும் டைரோன் வில்லிங்ஹாம் சேர்த்தவர்கள். அந்த வில்லிங்ஹாமை மூன்றே வருஷத்தில் 21-15 கணக்கோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். குவின் கல்லூரியை முடித்துக் கிளம்பியதும் 2007இல் ஜிம்மி கிளாசன் என்ற முதலாண்டுப் பையன் அந்த இடத்துக்கு வந்தான். மிச்சிகனிடம் 38-0. தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமான யு.எஸ்.சி.யிடமும் 38-0. 1964இலிருந்து 43 முறை தொடர்ந்து தோற்கடித்துவந்த கடற்படைக் கல்லூரி அணியான நேவியிடம், மூன்று ஓவர்டைம் (சமனை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) போய் 46-44 என்று தோல்வி.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? வில்லிங்ஹாமின் கடைசிக் காலத்து ஆள்சேர்ப்பு மெலிவு, அதனால் 2007இல் சீனியர்கள் குறைவு என்பது ஒரு பாதி. அந்த ஓட்டையை வருவதற்கு முன்பே பார்த்து அடைக்கத் தவறியது வைஸின் பாதி. ஆனால் அந்த 19-6ஐ முழுக்க அவர் பேரில் எழுதிவிட்டு, 3-9ஐ மட்டும் முன்னவர் தலையில் கட்டினால் அது நியாயக் கணக்கு இல்லை. மூன்று வருஷம் முடிந்தபோது வைஸ் 22-15. வில்லிங்ஹாமைவிட ஒரே ஒரு வெற்றி அதிகம்!

இதற்கு முன்பும் இது நடந்திருக்கிறது. 1954இல் ஃபிராங்க் லீஹி விலக, 25 வயது டெர்ரி பிரென்னன் வந்தார். லீஹி விட்டுப்போனது முந்தின வருஷம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி. பிரென்னன் முதல் சீசனில் 9-1, அடுத்ததில் 8-2. மூன்றாவதில் 2-8. அந்த 2-8 அணியிலிருந்துதான் பால் ஹார்னங் நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கினார் என்பது தனிக் கூத்து.

அதற்காக எல்லாவற்றுக்கும் "பழைய ஆட்கள்" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பள்ளிக்கூட அணியிலிருந்து நேராக வந்த ஜெரி ஃபாஸ்டுக்கு 1981இல் கிடைத்தது முந்தின வருஷம் 9-2-1 (கடைசி எண் சமன்) எடுத்த அணி. முதல் ஆட்டத்தில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு.வை 27-9 என்று அடித்ததும் தரவரிசையில் முதலிடம் கொடுத்துவிட்டார்கள். சீசன் முடிவில் 5-6.

தோல்வியை எண்ணிவிட்டு ஸ்கோரைப் பார்க்காமல் விடுவது

ஹோல்ட்ஸின் முதல் சீசன், 1986, 5-6. பட்டியலில் பார்த்தால் ஃபாஸ்டின் முதல் சீசனும் இதேதான். ஆனால் அந்த ஆறு தோல்விகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். மிச்சிகனிடம் 24-23. மிச்சிகன் ஸ்டேட்டிடம் 20-15. பிட்ஸ்பர்க்கிடம் 10-9. எல்.எஸ்.யு.விடம் 21-19. அந்த வருஷம் பட்டம் வாங்கிய பென் ஸ்டேட்டிடம் 24-19. ஐந்து தோல்விக்கும் சேர்த்து வித்தியாசம் 14 புள்ளி, அதாவது இரண்டு டச்டவுன் (பந்தை எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது). அலபாமா மட்டும்தான் 28-10 என்று உண்மையாகவே அடித்தது. கடைசி ஆட்டத்தில் யு.எஸ்.சி.யை அதன் ஊரிலேயே 38-37 என்று ஜெயித்தார்கள்.

இப்போது வைஸின் 2006க்கு வாருங்கள். 10-3. மூன்றே மூன்று தோல்வி. மிச்சிகனிடம் 47-21, யு.எஸ்.சி.யிடம் 44-24, சீசன் முடிவில் அழைப்பின்பேரில் ஆடும் பவுல் ஆட்டங்களில் ஒன்றான சுகர் பவுலில் எல்.எஸ்.யு.விடம் 41-14. மூன்றிலும் சேர்த்து 73 புள்ளி வித்தியாசம். அதாவது கீழே உள்ள அணிகளை ஜெயித்தார்கள், பெரிய அணிகள் வந்தபோது பக்கத்தில்கூட நிற்க முடியவில்லை. அடுத்த வருஷத்துக்கான சேதி 2006இலேயே எழுதியிருந்தது. பத்து என்ற எண் கண்ணை மறைத்தது.

வில்லிங்ஹாமின் 2002ம் இப்படித்தான். தொடக்கம் 8-0. அந்த முதல் இரண்டு ஆட்டத்தில் நோட்டர் டேமின் தாக்குதல் அணி ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. தடுப்பாட்டக்காரர்கள் எதிரியின் பந்தைப் பறித்துப் போட்டதும், கிக்கர் உதைத்துப் போட்டதும்தான் பெரும்பாலும் கரை சேர்த்தன. பறித்த பந்து வருஷா வருஷம் அதே அளவில் கிடைக்காது. அடுத்த வருஷம் 5-7.

பாதிச் சீசனில் பூரித்துப்போவது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. அரிசி ஒருவர் வாங்கியது, அடுப்பில் வைத்தவர் வேறொருவர்.

2005 அக்டோபர் 15. நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த யு.எஸ்.சி. சவுத் பெண்டுக்கு வந்திருந்தது. கடைசி நொடிகள். 31-28 என்று நோட்டர் டேம் முன்னிலை. கடிகாரம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாணவர்கள் மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். நடுவர்கள் அவர்களை ஓரம் கட்டி, கடிகாரத்தில் ஏழு நொடியைத் திருப்பி வைத்தார்கள். ஒரு யார்டு தூரத்தில் பந்து. குவாட்டர்பேக் மேட் லைனார்ட் கூட்டத்துக்குள் பாய்கிறார், நிற்கிறார், திரும்புகிறார், பின்னாலிருந்து ரெஜி புஷ் ஒரு தள்ளு தள்ளுகிறார். 34-31.

தோற்ற ஆட்டம்தான். ஆனால் அந்த ஒரு ஆட்டத்தால் வைஸ் மேதையாகிவிட்டார். அடுத்த இரண்டு வாரத்துக்குள், 5-2 என்ற கணக்கில், 2015 வரை நீளும் ஒப்பந்தம் கையில் கொடுத்தார்கள். ஏழு ஆட்டம் பார்த்து பத்து வருஷம். 2009 முடிவில் அவரை நீக்கியபோது பல்கலைக்கழகம் மொத்தமாகக் கொடுக்க வேண்டிவந்த தொகை ஏறக்குறைய 1.9 கோடி டாலர். என் பிரியாணி நஷ்டம் பரவாயில்லை.

பழைய வருஷத்தையும் புது வருஷத்தையும் ஒரே தராசில் வைப்பது

ஆரா பர்சீகியன் 1966இல் 9-0-1. மார்கஸ் ஃப்ரீமன் 2024இல் 14-2. இரண்டுமே மூன்றாவது சீசன். 14 பெரியது என்று சொல்லிவிட முடியுமா? பர்சீகியனுக்கு இருந்ததே பத்து ஆட்டம். 1925க்குப் பிறகு 1969 சீசன் வரை நோட்டர் டேம் பவுல் ஆட்டங்களுக்கே போவதில்லை என்று கொள்கை வைத்திருந்தது. அந்த ஒரு சமன், மிச்சிகன் ஸ்டேட்டோடு 10-10. கல்லூரி ஆட்டங்களுக்குப் பொதுவாக ஓவர்டைம் வந்தது 1996இல்தான். ஃப்ரீமனுக்கோ 12 அணி பிளேஆஃப் (தோற்றவர் வெளியேறும் பட்டச் சுற்று). பட்டத்துக்குப் போகும் வழியிலேயே நான்கு ஆட்டம் கூடுதல்.

அதைவிட முக்கியமான மாற்றம் ஆட்கள் இடம் மாறும் விதி. முன்பு வேறு கல்லூரிக்குப் போனால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும். 2021இலிருந்து அது போய்விட்டது. ஃப்ரீமன் 2023இல் வேக் ஃபாரெஸ்டிலிருந்து ஒரு குவாட்டர்பேக்கைக் கொண்டுவந்தார், 2024இல் டியூக்கிலிருந்து இன்னொருவரை. ஹோல்ட்ஸ் மூன்று வருஷம் வளர்த்துப் பெற்றதை இன்று ஒரு ஜனவரியில் வாங்கிவிடலாம். ஆகவே "இன்னும் அவர் ஆட்கள் வரவில்லை" என்ற சாக்கும் இன்று பாதி விலைக்குத்தான் போகும்.

ஏட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரையன் கெல்லி முதல் மூன்று சீசனில் 8-5, 8-5, 12-1. ஆனால் படிப்பு சம்பந்தமான முறைகேட்டுக்காக 2012, 2013 வெற்றிகளைக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. நீக்கிவிட்டது. அதிகாரபூர்வ ஏட்டை அப்படியே எடுத்தால் பன்னிரண்டு ஆட்டம் ஜெயித்த மனிதர் மூன்றாவது சீசனில் ஒன்றுமே ஜெயிக்காதவர் ஆகிவிடுவார். பயிற்சியாளரை எடைபோட வேண்டுமானால் களத்தில் நடந்ததை எடுங்கள்.

மூன்றாவது வருஷ ஜோசியம்

நோட்டர் டேமில் ஒரு நம்பிக்கை: நல்ல பயிற்சியாளர் மூன்றாவது வருஷம் பட்டம் வாங்குவார். லீஹி 1943, பர்சீகியன் 1966, டேன் டிவைன் 1977, ஹோல்ட்ஸ் 1988. நாலு பேரைச் சொன்னதும் ஆளே மயங்கிவிடுவார். இப்போது மற்ற மூன்றாவது வருஷங்களையும் சொல்கிறேன். பிரென்னன் 2-8. ஃபாஸ்ட் 7-5. பாப் டேவி 5-7. வில்லிங்ஹாம் 6-5. வைஸ் 3-9. ஜெயித்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தினால் எந்த எண்ணும் ராசியான எண்தான்.

இதே டேவி முதல் இரண்டு சீசனில் 16-9. கெல்லி 16-10. ஒருவர் அடுத்து 5-7, இன்னொருவர் அடுத்து பட்ட ஆட்டம்.

எங்கிருந்து தொடங்கினார்?

பர்சீகியன் கையில் வாங்கியது 2-7 அணி. முதல் சீசனிலேயே 9-1. ஃப்ரீமன் வாங்கியது 11-1இல் நின்ற அணி, கெல்லி எல்.எஸ்.யு.வுக்குக் கிளம்பிவிட, பவுல் ஆட்டம் இவர் தலையில் விழுந்தது. 28-7 என்று முன்னிலையில் இருந்து ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 37-35 என்று தோற்றார்கள். அடுத்து ஒஹையோ ஸ்டேட், அடுத்து மார்ஷல். 0-3. நல்ல அணியை வாங்குகிறவருக்கு இது ஒரு பாவம்: ஜெயித்தால் முன்னவர் புண்ணியம், தோற்றால் இவர் தப்பு.

2024 செப்டம்பர் 7. நார்தர்ன் இல்லினாய். பெரிய அணிகள் சொந்த மைதானத்துக்குக் காசு கொடுத்து அழைத்து ஜெயிக்கும் வகை எதிரி. அமெரிக்காவில் பிற்பகல் ஆட்டம் என்றால் நமக்கு ஞாயிறு விடியற்காலை. கடைசி நிமிஷத்தில் அவர்கள் மூன்று புள்ளி தரும் ஒரு ஃபீல்டு கோல் உதைத்து 16-14 ஆக்கினார்கள். டீ போட்டுக்கொண்டு வந்து, தூக்கக் கலக்கத்தில் நான் மறுபடி ஒரு பட்டியல் போட்டேன்: 29 ஆட்டம், 20-9, மார்ஷல், இப்போது இது. முதல் மூன்று வருஷத்தில் இந்தத் தரத்து அணிகளிடம் இரண்டு முறை தோற்றவர் தேற மாட்டார் என்று கீழே எழுதியும் வைத்தேன்.

அடுத்த 13 ஆட்டத்தையும் ஃப்ரீமன் ஜெயித்தார். அடுத்த தோல்வி ஜனவரி 20இல், அட்லாண்டாவில், தேசியப் பட்ட ஆட்டத்தில் வந்தது.