வரப்போகும் ஆர்பிஜி சப்ளிமென்ட்: ப்ரீ-ஆர்டர் செய்யும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேபிளைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் ரோல்-பிளேயிங் விளையாட்டுதான் ஆர்பிஜி. அதன் அடிப்படை நூலோடு சேர்த்துக்கொள்ள வரும் கூடுதல் புத்தகம் சப்ளிமென்ட். புதிய சப்ளிமென்ட் வரப்போகிறது என்று அறிவிப்பு வெளியாகும் நாளில் நமக்குத் தெரிவது அட்டைப்படம், ஒரு பத்தி விளம்பர வாசகம், வெளியாகும் தேதி, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் விதிகளில் ஒரு வரிகூடக் கண்ணில் பட்டிருக்காது. ஆனாலும் பலர் அன்றைக்கே முடிவெடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பார்க்கும் முன்னோட்ட வீடியோ, வடிவமைப்பாளர் பேட்டி எல்லாம் அந்த முடிவுக்குச் சப்பைக்கட்டு கட்டத்தான் பயன்படுகின்றன.

சப்ளிமென்ட் என்றாலே வெட்டிச் செலவு என்று சொல்ல வரவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டிஎன்டி) என்ற ஆர்பிஜி 1974இல் வெளியானது. மறு ஆண்டு வந்த 'கிரேஹாக்' சப்ளிமென்ட்டில்தான் தீஃப், பலடின் என்ற இரண்டு கிளாஸ்களும் (கேரக்டரின் தொழில் வகைகள்) அறிமுகமாயின. அவை இல்லாத டிஎன்டியை இன்று நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் புத்தகம் நல்லதா என்று கேட்பதற்கு முன்னால், அடுத்த சில மாதங்களில் நம் டேபிளில் என்ன ஓடப்போகிறது என்று கேட்க வேண்டும். கீழே வரும் தவறுகளில் பாதி, இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருபவை.

தீமுக்காக வாங்குவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். அறிவிப்பு விற்பது தீம், அதாவது கதைக்களம்: விண்வெளிக் கப்பல்கள், மந்திரக் கல்லூரி, பேய் பிடித்த ஊர். டேபிளில் நமக்கு வேண்டியதோ, அந்தக் கதைக்களத்தை ஆட்டமாக ஓட்ட உதவும் விதிகள். இரண்டும் ஒரே அளவில் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

டிஎன்டிக்காக 2022 ஆகஸ்டில் வந்த 'ஸ்பெல்ஜாமர்: அட்வென்ச்சர்ஸ் இன் ஸ்பேஸ்' இதற்குச் சரியான உதாரணம். நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பலோட்டும் கேம்பெய்ன் (பல அமர்வுகளாகத் தொடரும் கதை) என்று பலர் ஆசையாகக் காத்திருந்தார்கள். வந்தது ஒரு பெட்டிக்குள் மூன்று புத்தகங்கள், ஒவ்வொன்றும் 64 பக்கம். ஒன்றில் அரக்கர்கள், ஒன்றில் சாகசக் கதை. ஆகவே கேரக்டர் விருப்பங்கள், விதிகள், உலக விவரம் எல்லாவற்றுக்கும் மிச்சம் இருந்தது ஒரே ஒரு 64 பக்கப் புத்தகம். அதற்குள் ஆறு புதிய இனங்கள், இரண்டு பின்னணிகள், மந்திரங்கள், கப்பல் வகைகளின் விவரமும் தள வரைபடமும், ராக் ஆஃப் பிரால் என்ற ஊரின் விவரம் எல்லாம் அடங்க வேண்டும். இரண்டு கப்பல்கள் மோதினால் ஆட்டத்தை எப்படி நடத்துவது என்பதற்கு இடம் ரொம்பச் சுருங்கிப்போனது. கப்பல் சண்டைக்காகவே வாங்கிய டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) கடைசியில் சொந்தமாக விதி எழுத உட்கார்ந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, 64 பக்கம் என்ற கணக்கு அறிவிப்பிலேயே இருந்தது என்பதுதான். பக்க எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, விளம்பரத்தில் சொல்லும் ஒவ்வொரு அம்சத்துக்கும் தோராயமாக எத்தனை பக்கம் தேவை என்று ஒரு காகிதத்தில் கழித்துப் பாருங்கள். 'புதிய சப்கிளாஸ்கள் (கிளாஸின் உட்பிரிவுகள்), 50 அரக்கர்கள், முழு நகரம், ஒரு கேம்பெய்ன்' என்று அடுக்கியிருந்து பக்கம் 200க்குள் என்றால், ஏதோ ஒன்று பெயருக்குத்தான் இருக்கும். அது நீங்கள் ஆசைப்பட்ட ஒன்றாகவும் இருக்கலாம்.

சோதனை வடிவத்தை முடிந்த பொருளாக நினைப்பது

டிஎன்டியில் 'அனர்த்ட் ஆர்கானா' என்ற பெயரில் சோதனை விதிகளை இலவசமாக வெளியிடுவார்கள். அதைப் படித்துவிட்டு, 'இந்த சப்கிளாஸ் வரப்போகிறது, புத்தகத்தை வாங்கிவிட வேண்டியதுதான்' என்று கிளம்புபவர்கள் உண்டு. 2021 ஜூனில் ஸ்ட்ரிக்ஸ்ஹேவன் புத்தகத்துக்கான சோதனையில், ஒரே சப்கிளாஸைப் பல கிளாஸ்களைச் சேர்ந்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்ற புதுமையைக் காட்டினார்கள். டிசம்பரில் புத்தகம் வந்தபோது அந்த சப்கிளாஸ்கள் ஒன்றுகூட அதில் இல்லை.

சோதனை விதிகளால் வேறொரு பலன் உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கையில் இலவசமாக இருக்கிறதே, டேபிளில் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு அமர்வுக்குப் பிறகும் யாரும் அதைத் தொடவில்லை என்றால், அச்சில் வந்தாலும் தொட மாட்டார்கள்.

பதிப்பு மாறும் காலத்தைப் பார்க்காமல் விடுவது

டிஎன்டி மூன்றாம் பதிப்பு 2000இல் வந்தது, அதைத் திருத்திய 3.5 பதிப்பு வந்தது 2003இல். நடுவில் சப்ளிமென்ட்களாக வாங்கிக் குவித்தவர்கள் திருத்தப் பட்டியலோடு உட்கார வேண்டியிருந்தது. 2022இல் வந்த 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸ்', 2016, 2018 ஆண்டுகளில் வந்த இரண்டு புத்தகங்களின் அரக்கர்களையும் இனங்களையும் மாற்றி எழுதித் தொகுத்தது. அதோடு அந்தப் பழைய இரண்டையும் டிஎன்டியின் ஆன்லைன் தளமான டிஎன்டி பியாண்டில் விற்பதை நிறுத்திவிட்டார்கள். டிஎன்டிக்குப் போட்டியான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு 2019இல்தான் வந்திருந்தது. ஆனாலும் 2023 ஜனவரியில் வெடித்த ஓஜிஎல் (டிஎன்டி விதிகளைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த அனுமதிக்கும் உரிமம்) சண்டைக்குப் பிறகு அதன் அடிப்படை நூல்களை 'ரீமாஸ்டர்' என்று புதிதாக எழுத வேண்டி வந்தது.

உரிமச் சண்டையை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் மற்றவை கண்ணுக்குத் தெரிந்தே வருகின்றன. அடிப்படை விதிகளுக்கே பொதுச் சோதனை நடந்துகொண்டிருந்தால், அந்த நேரத்தில் வரும் கேரக்டர் விருப்பப் புத்தகத்தைத் தள்ளிப் போடலாம். டிஎன்டிக்கு அந்தச் சோதனை 2022 ஆகஸ்டில் தொடங்கியது. அடிப்படை விதி நூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் திருத்திய வடிவம் 2024இல் வந்தது. யோசிக்க நிறைய அவகாசம் இருந்தது.

எல்லா வகைப் புத்தகமும் ஒரே வேகத்தில் பழசாகிவிடுவதில்லை. சப்கிளாஸ், ஃபீட் (கேரக்டரின் சிறப்புத் திறன்), அரக்கர் விவரம் இவையெல்லாம் விதியோடு ஒட்டியவை, விதி மாறினால் முதலில் அடிபடுபவை. உலக விவரமும் சாகசக் கதையும் நீண்ட ஆயுள் கொண்டவை. கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் ஆர்பிஜிக்காக 1984இல் வந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லதோடெப்' கேம்பெய்னை, ஏழாம் பதிப்புக்கு ஏற்ப விரித்து 2018இல் மறுபடி வெளியிட்டார்கள். இன்றைக்கும் அதை ஆடுகிறார்கள். பதிப்பு மாறப்போகிற சமயத்தில் ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் நான் கதைப் புத்தகத்தைத்தான் வாங்குவேன்.

யாருக்கு என்று யோசிக்காமல் வாங்குவது

சாகசப் புத்தகம் டிஎம்முக்கானது. பிளேயர் வாங்கிப் படித்தால் திருப்பங்கள் எல்லாம் கெட்டுவிடும், அவர் அதை ஆடவும் முடியாது. வாரம் ஒரு அமர்வு என்று ஆடினாலும் பெரிய கேம்பெய்ன் ஒன்று முடிய ஒரு வருடத்துக்கு மேல் போகலாம். ஏற்கெனவே இரண்டு கேம்பெய்ன் பிரிக்காமல் கிடக்கிற வீட்டில் மூன்றாவது எப்போது தொடங்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கேரக்டர் விருப்பப் புத்தகம் என்றால், வாங்கும் முன் டிஎம்மிடம் கேட்பது ஒரு நிமிட வேலை. அனுமதிக்காத டேபிள்களும் உண்டு. ஆன்லைனில் ஆடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அச்சுப் புத்தகம் கையில் இருந்தாலும், ஆடும் தளத்தில் அதே உள்ளடக்கத்தைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். டிஎன்டி பியாண்டில் முன்பு ஒரே ஒரு சப்கிளாஸை மட்டும் தனியாக வாங்க முடிந்தது. 2024இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். பாத்ஃபைண்டர் ஆடுபவர்களுக்கு நிலைமை நேர்மாறு. அதன் விதிகள் 'ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ்' தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கே புத்தகத்துக்குக் கொடுக்கும் பணம் ஓவியத்துக்கும் கதைக்கும் கையில் புரட்டும் சுகத்துக்கும்தான். அதில் தப்பில்லை, தெரிந்து கொடுத்தால் சரி.

கிக்ஸ்டார்ட்டரைக் கடை என்று நினைப்பது

கிக்ஸ்டார்ட்டர் மக்களிடம் நிதி திரட்டும் தளம். அங்கே நாம் கொடுப்பது, இன்னும் உருவாகாத ஒன்றுக்கான பண உதவி. 2016இல் '7த் சீ' என்ற ஆர்பிஜியின் இரண்டாம் பதிப்பு 13 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. பணம் ஏற ஏற, ஸ்ட்ரெச் கோலாக (இலக்கைத் தாண்டினால் கூடுதலாகத் தருவதாகச் சொல்வது) ஒவ்வொரு சப்ளிமென்ட்டாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அடிப்படை நூல் வந்தது, ஆனால் தருவதாக வாக்குக் கொடுத்த புத்தக வரிசை இழுத்துக்கொண்டே போய் 2019இல் அந்த விளையாட்டே கேயாசியம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதனால், வெற்றி பெற்ற பிரச்சாரம்தானே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஸ்ட்ரெச் கோல் கூடக்கூட எழுத வேண்டியதும் கூடுகிறது.

நான் அங்கே முதலில் தேடுவது ஒரே தகவலை: உரை எழுதி முடிந்துவிட்டதா? ஓவியமும் பக்க வடிவமைப்பும் மட்டும் பாக்கி என்றால் நம்பலாம். அடுத்து ஷிப்பிங். பல பிரச்சாரங்களில் அதைக் கடைசியில் தனியாக வசூலிப்பார்கள், கனமான அச்சுப் புத்தகத்துக்கு அது சில்லறைத் தொகையாக இருக்காது.

விட்டால் கிடைக்காது என்ற பயம்

பிடிஎஃப் ஸ்டாக் தீர்ந்து போவதில்லை. பெரிய நிறுவனங்களின் புத்தகமும் வெளியான வாரத்தோடு கடையிலிருந்து மறைந்துவிடாது. கொஞ்சம் பொறுத்தால் முதல் அச்சின் பிழைத்திருத்தம் வந்துவிடும், உருப்படியான விமர்சனங்களும் வரும். வெளியான அன்றே வரும் விமர்சனம் பெரும்பாலும் படித்துவிட்டு எழுதியது. படிக்க அழகாக இருக்கும் சண்டை விதி டேபிளில் நொண்டுவது சகஜம். 'மூன்றாவது அமர்வில் இங்கே சிக்கினோம்' என்று எழுதும் ஒருவரின் பத்தி, பத்து அன்பாக்ஸிங் வீடியோவுக்குச் சமம்.

சிறிய பதிப்பகங்கள் மட்டும் விதிவிலக்கு. எத்தனை பிரதி அடிப்பது என்பதையே அவர்கள் ப்ரீ-ஆர்டரை வைத்துத்தான் முடிவு செய்வார்கள், மறு அச்சு வராமலும் போகலாம். அவர்களுடைய முந்தைய புத்தகத்தை டேபிளில் ஓட்டிப் பார்த்திருந்தால் தாராளமாகப் பணம் கட்டலாம். மற்ற இடங்களில் ப்ரீ-ஆர்டர் செய்தே தீருவேன் என்றால், அனுப்பும்வரை ரத்து செய்ய முடிகிற கடையாகப் பாருங்கள். உள்ளடக்கப் பட்டியல் வெளியாகும் அன்று அதைத் திறந்து, நீங்கள் ஆசைப்பட்ட பகுதி எந்தப் பக்கத்தில் தொடங்கி எந்தப் பக்கத்தில் முடிகிறது என்று பார்த்துவிட்டு, ஆர்டரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.