ஒரு கவர் வாங்கினால் இரண்டு கவர்: தெருவில் விதைப் பகிர்வு வட்டம்

ஆளைச் சேர்த்துவிட்டு அப்புறம் விதை தேடினால், வட்டம் ஒரே பட்டத்தில், அதாவது ஒரே விதைப்புப் பருவத்தில், கலைந்துவிடும். மாடித்தோட்டம் போடும் ஐந்தாறு வீடுகள் போதும். விதை பெருகுகிற அளவுக்கே ஆள் பெருகட்டும்.

முதல் பட்டத்தில் அவரை, காராமணி, தக்காளியோடு நிறுத்துங்கள். இவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. புதியவர் எடுக்கும் விதையும் தாய்ச்செடி போலவே வரும். சுரை, பூசணி, வெண்டை அப்படியல்ல. பக்கத்து மாடியில் வேறு ரகம் இருந்தால் தேனீ கலந்துவிடும். காயைப் பார்த்தால் தெரியாது. கோளாறு அடுத்த தலைமுறைச் செடியில்தான் வெளிப்படும். பூசணி விதை வேண்டுமென்றே இருந்தால், மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை மாலையிலேயே நூலால் கட்டுங்கள். விடிந்ததும் கையால் மகரந்தம் தொட்டு வைத்து, பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் அடையாள நூல் சுற்றுங்கள். கடையில் வாங்கிய ஹைப்ரிட் (இரண்டு ரகத்தைக் கலந்து உருவாக்கிய) செடியின் விதை தாய்ச்செடி போல வராது, அதை வட்டத்துக்குள் விடவே கூடாது.

விதி ஒன்றுதான்: ஒரு கவர் வாங்கியவர் அறுவடைக்குப் பின் இரண்டு தர வேண்டும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேகரித்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், 2 கிலோ பாரம்பரிய நெல் வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பினார், அதே கணக்கு. வந்த இரண்டில் ஒன்று இருப்புக்கு, மற்றது புதியவருக்கு. அந்தப் புதியவரை அழைத்து வருவதும், விதை எடுக்கும் வரை சொல்லிக்கொடுப்பதும் கவரைத் தந்தவர் பொறுப்பு. அணில் தின்றது, மழையில் அழுகியது என்பவரிடம் கறார் காட்டாதீர்கள், அப்புறம் வரமாட்டார். முருங்கைப் போத்து ஒன்று தந்தாலும் வரவு வையுங்கள்.

தக்காளி விதையைச் சதையோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு அலசி, தட்டில் உலர்த்துங்கள், காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். எந்த விதையும் நிழலில் நன்றாகக் காய வேண்டும். ஈரம் இருந்தால் கவரிலேயே பூஞ்சை பிடிக்கும்.

கொடுக்குமுன் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து ஒரு வாரம் பாருங்கள். ஏழு முளைத்தால் கொடுக்கலாம். ஐந்துதான் என்றால் நீங்களே நெருக்கமாக விதைத்துக்கொள்ளுங்கள். முளைக்காத விதை கைமாறினால், வாங்கியவர் தன் கைராசியைத்தான் நொந்துகொள்வார், திரும்ப வரமாட்டார். கவர்மேல் ரகம், எடுத்த மாதம், எந்த வீடு என்று எழுதுங்கள்.

ஆடிப்பட்டத்துக்கு ஆனிக் கடைசியிலும், தைப்பட்டத்துக்கு மார்கழியிலும் கூடினால் போதும். மொத்த இருப்பையும் ஆர்வமான ஒருவர் வீட்டில் வைப்பது வழக்கம். அவர் வீடு மாறினால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு ரகமும் இரண்டு வீட்டில் இருக்கட்டும்.