சம்பா தாளக் குழுவில் சேருமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா பிரேசிலின் ஆட்ட இசை. ரியோ டி ஜெனிரோ கார்னிவலில் ஒரு சம்பா பள்ளி, அதாவது அந்த இசையோடு ஊர்வலம் போகும் மன்றம், வந்தால், அதன் தாளக் குழுவில் மட்டும் 200, 300 பேர் இருப்பார்கள். பாட்டேரியா என்பது அந்தக் குழுவின் பெயர். அத்தனை பேர் வாசித்தும் இரைச்சலாக இல்லாமல் ஒரே நடையாகக் கேட்கிறதே, அதுதான் சம்பாவின் அழகு. புதிதாகக் கற்பவர்கள் அதை விட்டுவிட்டு வேகத்தையும் சத்தத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள்.

பெரிய தவறு சுர்டோவில் நடக்கிறது. இடுப்பில் தொங்கும் அந்தப் பெரிய முரசைக் கையில் கொடுத்ததும் முதல் அடியை ஓங்கி அடித்துவிடுவார்கள். சம்பா இரண்டு அடித் தாளம். கனம் விழுவது இரண்டாவது அடியில். எல்லாவற்றிலும் பெரிய பிரிமெய்ரா சுர்டோ அங்கேதான் முழங்கும். முதல் அடியில் அதன் தோலைக் கையால் அமுக்கி, நீளும் ஒலியை அடக்க வேண்டும். அந்த முதல் அடியில் சற்றுச் சிறிய செகுண்டா பதில் சொல்லும். இடையில் புகுந்து விளையாடும் உரிமை மூன்றாவதான டெர்செய்ராவுக்குத்தான். மற்ற இரண்டு சுர்டோக்காரர்களும் அலுப்புத் தட்டி அலங்காரம் செய்யத் தொடங்கினால், குழு முழுவதும் பிடிமானம் இழந்துவிடும். ஒரே அடியை அரை மணி நேரம் மாறாமல் அடிப்பவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

சரி, எல்லாப் பள்ளியிலும் இதே அமைப்பா? இல்லை. ரியோவின் சம்பா பள்ளிகளில் ஒன்றான மாங்கேய்ராவில் பதில் சொல்லும் சுர்டோவே கிடையாது. அதன் தனி ஒலிக்கு அதுவே காரணம். அதனால் எந்தப் பள்ளியின் பாணியைப் பழகுகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தம்போரிம் வாங்கப் போய்ச் சலங்கைத் தட்டு வைத்த கருவியுடன் திரும்புகிறவர்கள் உண்டு. தம்போரிம் சுமார் ஆறு அங்குல அகலமுள்ள சிறு சட்ட முரசு, சலங்கை இல்லாதது. தட்டு உள்ளது பண்டெய்ரோ. தம்போரிமின் வேக நடையில் நான்கு அடிக்கு ஒன்று கீழிருந்து மேலே வரும். அதற்காகக் கருவியையே மணிக்கட்டால் கவிழ்க்க வேண்டும். இதை மெதுவாகப் பழகாமல் வேகத்துக்குத் தாவினால் மணிக்கட்டு இறுகும், நடை நொண்டும்.

குயீக்கா என்பது உருவி ஒலி எழுப்பும் முரசு; அதை வெளியே தட்டிப் பயனில்லை. அதன் உள்ளே தோலின் நடுவில் ஒரு மெல்லிய குச்சி கட்டியிருக்கும். ஈரத் துணியால் அதை லேசாகப் பிடித்து உருவினால்தான் அந்த விம்மல் வரும். துணி காய்ந்தால் ஒலி போய்விடும். குச்சியை முரட்டுத்தனமாக இழுத்தால் தோலிலிருந்து கழன்றுவிடும். மற்றக் கைவிரலால் வெளித்தோலை அழுத்திச் சுருதியை ஏற்றலாம்.

அப்புறம் ரெபினிக் என்ற கீச்சொலி முரசு. அது அழைக்கும், குழு பதில் சொல்லும். அழைப்பு முடியுமுன் நுழைந்தால் மொத்தத் தொடக்கமும் சிதறும். பார்வை எப்போதும் முன்னால் நின்று குழுவை நடத்தும் மேஸ்த்ரியின் கையில் இருக்கட்டும்.

காதடைப்பான் இல்லாமல் ஒத்திகைக்குப் போகவே போகாதீர்கள். காய்ஷா என்ற சடசடக்கும் முரசுகளின் வரிசைக்கு நடுவே நின்று வாசித்தால், வீடு திரும்பிய பிறகும் காதில் ரீங்காரம் கேட்கும்.