பரிமாற்றத் திட்டத்துக்குப் போகும் மலைப்பள்ளி ஆசிரியர் கவனத்துக்கு

வெளிநாட்டு ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தால் என்ன லாபம் என்று கேட்டால் சான்றிதழ், விமானப் பயணம், ஆங்கிலப் பழக்கம் என்று பதில் வரும். அவை கிடைக்கும்தான். ஆனால் நீலகிரியின் பந்தலூரிலோ கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலோ இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைத்து நடத்துகிறவருக்கு உருப்படியான லாபம் ஒன்றுதான்: திரும்பி வந்ததும் அந்த அறையிலேயே ஓடக்கூடிய ஒரு கற்பித்தல் முறை. அது கிடைப்பதும் கிடைக்காததும் போகும்போது என்ன கேள்வியோடு போகிறோம் என்பதைப் பொறுத்தது.

“அமெரிக்கக் கல்விமுறையை அறிய” என்பது கேள்வி ஆகாது. “வீட்டில் பணியர் மொழியோ படுக மொழியோ பேசும் பிள்ளை வகுப்பில் வாய் திறக்கவே ஒரு பருவம் ஆகிறது, என்ன செய்யலாம்?” என்பதுதான் கேள்வி. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளைக் கவனிக்கவென்றே அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர்கள் உண்டு. இந்தக் கேள்வியோடு போகிறவர் முதல் வாரத்திலேயே அவர்களைத் தேடிப் பிடிப்பார். விண்ணப்பக் கட்டுரையிலும் இதுவே எடுபடும். வகுப்பில் எத்தனை பேர், எந்த இடத்தில் தடுக்குகிறது, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். “கற்பித்தல் என் உயிர்மூச்சு” எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும்.

எதற்கு விண்ணப்பிப்பது

உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்குப் பொருத்தமானது அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் டீச்சிங் எக்ஸலன்ஸ் அண்ட் அச்சீவ்மென்ட் திட்டம். ஆறு வாரம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயிற்சி, கூடவே பக்கத்துப் பள்ளியில் வகுப்புப் பார்வை. விசா, விமான டிக்கெட், காப்பீடு எல்லாம் திட்டத்தின் செலவு. ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் (மெக்ஸ்ட்) ஆசிரியர் பயிற்சி உதவித்தொகைக்குத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும், வயது 35க்குள் இருக்க வேண்டும். காலம் ஒன்றரை ஆண்டு, அதில் முதல் ஆறு மாதம் பெரும்பாலும் ஜப்பானிய மொழிக்கே போய்விடும். வீட்டில் கலந்து பேசாமல் இதில் இறங்க வேண்டாம். தமிழ்நாடு அரசும் 2024இல் கனவு ஆசிரியர் விருது பெற்ற ஒரு குழுவை பிரான்சுக்கு அழைத்துப் போனது. அது சில நாள் பயணம், பார்க்கலாம், பழக முடியாது. எந்தத் திட்டமானாலும் நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்த ஆண்டு அறிவிப்பை மட்டும் நம்புங்கள். பயணம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் விழுந்தால் செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் குறுக்கே நிற்கும். பத்து, பன்னிரண்டு எடுப்பவர்கள் இதைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

காகித வேலை

பலரும் தடுக்கி விழும் இடம் பெயர். நமக்கு இனிஷியல்தான் வழக்கம், பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம். அதைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும், முன்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகும். முன்பெயர் தெரியாது என்று அர்த்தம். பிறகு டிக்கெட், காப்பீடு, பல்கலைக்கழக அடையாள அட்டை ஒவ்வொன்றிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். இனிஷியலை விரித்துத் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள். நீலகிரிக்குக் கோயம்புத்தூர் மண்டல அலுவலகம், கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்ப வேண்டும்.

அரசுப் பள்ளி ஆசிரியர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது துறைக்கு முன்தகவல் கடிதமோ தடையின்மைச் சான்றோ வேண்டும். வெளிநாடு செல்ல அனுமதி தனி. அந்தக் கோப்பு தலைமை ஆசிரியரிடம் தொடங்கி ஒவ்வொரு மேசையாக மேலே போகும், எந்த மேசையிலும் வாரக்கணக்கில் உறங்கலாம். தேர்வுக் கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல், விண்ணப்பித்த நகலோடு அன்றே எழுதிக் கொடுங்கள். போகும் காலம் பணிக்காலமா விடுப்பா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஈராசிரியர் பள்ளியானால் மாற்று ஆசிரியர் யார் என்று பெயரோடு கேட்டு வையுங்கள்.

அங்கே வகுப்பில்

குறிப்பேட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் பிள்ளைகள் செய்தது. “ஆசிரியர் அருமையாக நடத்தினார்” என்ற குறிப்பு ஊருக்கு வந்ததும் வெறும் காகிதம். “10.12: கேள்வி. யாரும் பேசவில்லை. ஐந்து நொடி. கடைசி வரிசைப் பெண் கை தூக்கினாள்” என்பது மறுநாளே செய்து பார்க்கக்கூடிய பாடம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை, மூன்று நொடிக்கு மேல் பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். இதற்கு ஒரு பைசா செலவில்லை, மூன்று வகுப்பு சேர்ந்த அறையிலும் செல்லும்.

ஜப்பானியப் பள்ளிகளின் கரும்பலகை இன்னொன்று. பாடம் முடியும்வரை பலகையை அழிப்பதில்லை. இடது ஓரத்தில் அன்றைய கணக்கு, நடுவில் பிள்ளைகள் போட்ட இரண்டு மூன்று வழிகள், தவறான வழியும் அப்படியே, வலது ஓரத்தில் வகுப்பு சேர்ந்து எட்டிய முடிவு. தாமதமாக வந்த பிள்ளையும் பலகையைப் பார்த்துப் பாடத்தைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் முதல் பஸ் நேரத்துக்கு வராத ஊர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. புரொஜெக்டர், லேமினேட் அட்டை, டேப்லெட் என்று மயங்கி வருகிறவர்களின் முறைதான் ஜூலை மழையில் மின்சாரம் போனதும் நின்றுபோகிறது.

கொடுக்கவும் ஏதாவது வேண்டும். நீலகிரிக்காரர் ஒரு தோடர் பூத்தையல் துண்டு கொண்டுபோனால், நூலிழைகளை எண்ணியே கோலம் வருவதைக் காட்டி ஒரு சமச்சீர்ப் பாடம் நடத்தலாம். தைத்த பெண்களிடமே வாங்குங்கள். நம் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் அடுக்குகளையும் விளக்குங்கள், பல நிலைப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் கையாள்வது அங்கும் தலைவலிதான். செடி, விதை வேண்டாம், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

திரும்பிய பின்

ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வகுப்பு, ஆறு வாரம். ஐந்தை ஒன்றாகத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பயணப் புகைப்படங்களைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, அந்த முறையை அங்குள்ள ஆசிரியர்களையே மாணவர்களாக உட்காரவைத்து நடத்திக் காட்டுங்கள்.

அங்குள்ள வகுப்போடு இணையவழித் தொடர்பைத் தொடர நேரக்கணக்கு முக்கியம். நம் காலை 10 மணி ஜப்பானில் மதியம் 1.30, பள்ளி நேரம் ஒத்துவரும். அமெரிக்கக் கிழக்குக் கரையோடு ஒத்துவராது, அங்கு காலை 8.30 ஆகும்போது நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7. அவர்களுக்கு மாதம் ஒருமுறை இரண்டு நிமிட ஒலிப்பதிவை அனுப்பி, பதிலை மறுநாள் வகுப்பில் போட்டுக் காட்டுவதுதான் நடைமுறைக்கு வரும். சிக்னல் இல்லாத வகுப்பறையிலும் அது ஓடும்.